வளாகத்தில் வாக்கு கேட்பது: எந்தத் தேர்தலுக்கு எந்த விதி?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் ஓர் உதவிபெறும் கலைக் கல்லூரியில் மாணவர் நலப் பொறுப்பைக் கவனிக்கிறேன். போன வருஷம் மாணவர் பேரவைத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து கல்லூரி வாசல் வரை ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஊர்க் கட்சிப் பிரமுகர் ஒருவர் வகுப்பறைக்குள்ளேயே வந்து ஆதரவு கேட்டுவிட்டுப் போனார். இந்த வருஷம் "வளாகத்துக்குள் அரசியல் பேசத் தடை" என்று ஒரே வரியில் சுற்றறிக்கை விடலாம் என்கிறார் முதல்வர். சட்டமன்றத் தேர்தல் வரும்போதும் அதே சுற்றறிக்கையே போதும் என்பது அவர் எண்ணம். இது சரிப்படுமா? வேறு என்ன எழுத வேண்டும்?

பதில்: அம்மா, வணக்கம். அந்த ஒரு வரி வேண்டாம் என்று முதல்வரிடம் சொல்லுங்கள். கல்லூரிக்கு அதிகாரம் இல்லாததால் இப்படிச் சொல்லவில்லை. வளாகத்துக்குள் அரசியல் நடவடிக்கைகளைக் கட்டுப்படுத்தக் கல்லூரிக்கு உரிமை உண்டு என்று கேரள உயர் நீதிமன்றம் 2003இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. "அரசியல் பேசுவது" என்றால் என்ன என்று அந்த வரி சொல்லாது. கேன்டீனில் நடக்கும் வாக்குவாதமும் அதில் அடங்கும், அரசியல் அறிவியல் வகுப்பும் அடங்கும். நடைமுறையில் யாருக்கு எதிராகப் பாய்கிறது என்பதை வைத்துத்தான் அந்த விதியின் பொருளே தெரியும். அதற்குள் "அந்தக் கட்சிப் பையனை மட்டும் பிடித்தார்கள்" என்ற பேச்சு வந்துவிடும். போன வருஷம் உங்களுக்குத் தலைவலி தந்தவை வெளிப்பணம், வெளியாள், பேனர். பேச்சைத் தடுத்தால் இவை நிற்காது.

அதனால் சுற்றறிக்கையை இரண்டாக எழுதுங்கள். மாணவர் பேரவைத் தேர்தலுக்கு ஒன்று, நாடாளுமன்ற, சட்டமன்ற, உள்ளாட்சித் தேர்தல்களுக்கு ஒன்று. இரண்டுக்கும் சட்ட அடிப்படை வேறு, புகார் போகும் இடமும் வேறு.

பேரவைத் தேர்தலுக்கு அடிப்படை லிங்டோ குழுவின் பரிந்துரைகள். கேரளக் கல்லூரிகளின் தேர்தல் முறை பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில் குழு அமைந்தது. அது 2006 மே மாதம் அறிக்கை தந்தது, அதே ஆண்டு செப்டம்பர் 22இல் அதைப் பின்பற்றும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. முதல்வருக்குப் பிடித்தால் ஏற்கும், பிடிக்காவிட்டால் தள்ளும் அறிவுரையாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. வளாகத்தில் அமைதியாகத் தேர்தல் நடத்தவே முடியாத சூழல் இருந்தால் நியமன முறையில் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அறிக்கை இடம் கொடுக்கிறது. ஆனால் அதை இடைக்கால ஏற்பாடாகத்தான் பார்க்கிறது, மதிப்பெண்ணை மட்டும் வைத்து நியமிக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. உங்கள் கல்லூரி ஏற்கெனவே தேர்தல் நடத்துகிறது. பின்வாங்க வேண்டாம்.

முதலில் நாள்குறிப்பு. கல்வியாண்டு தொடங்கி 6 முதல் 8 வாரத்துக்குள் தேர்தல் நடக்க வேண்டும். ஜூன் 18இல் கல்லூரி திறந்தால் ஜூலை 30க்கும் ஆகஸ்ட் 13க்கும் இடையில் வரும். முதலாண்டு மாணவர்கள் பிந்திச் சேர்வதால் எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்று பின்னால் சண்டை வரும். எந்த நாளைத் தொடக்கமாகக் கொள்கிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். வேட்புமனு தொடங்கி முடிவு அறிவிப்பு வரை மொத்தம் 10 நாளுக்கு மேல் போகக்கூடாது. முதல் இரண்டு நாள் மனு, மூன்றாம் நாள் பரிசீலனை, நான்காம் நாள் மாலைக்குள் வாபஸ், இறுதிப் பட்டியல். ஐந்து முதல் எட்டு வரை பிரசாரம், ஒன்பதாம் நாள் வாக்குப்பதிவும் எண்ணிக்கையும். பத்தாம் நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள், மழையோ மறு எண்ணிக்கையோ வந்தால் உதவும்.

தகுதி விதிகள் நேரானவை. இளநிலை மாணவருக்கு வயது 17 முதல் 22, முதுநிலைக்கு அதிகபட்சம் 24–25, ஆய்வு மாணவருக்கு 28. முழுநேர மாணவராக இருக்க வேண்டும், போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக்கூடாது, வருகைப்பதிவு பல்கலைக்கழகம் சொல்லும் அளவு, 75 சதவீதம் இரண்டில் எது அதிகமோ அது வேண்டும், குற்றப் பின்னணி கூடாது. சேர்மன், செயலாளர் போன்ற பொறுப்புகளுக்கு ஒருவர் ஒரு முறைதான் நிற்கலாம், செயற்குழு உறுப்பினர் இடத்துக்கு இரண்டு முறை. வழக்கமாகத் தகராறு வருவது அரியர் விஷயத்தில். மறுமதிப்பீட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவரை என்ன செய்வது? மனு தாக்கல் முடியும் நேரத்தில் கடைசியாக வெளியான முடிவையே கணக்கில் எடுப்போம் என்று முன்கூட்டி எழுதுங்கள். பரிசீலனை நாளில் யோசித்தால் எந்த முடிவும் பாரபட்சமாகத்தான் தெரியும். ஒரு கட்சியின் மாணவர் அணியில் இருக்கிறார் என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ளாதீர்கள், தகுதிப் பட்டியலில் அப்படி ஒரு காரணம் கிடையாது.

பணத்துக்கு வருவோம், உங்கள் சுற்றறிக்கை நிற்பதும் விழுவதும் இதில்தான். ஒரு வேட்பாளரின் உச்சவரம்பு 5000 ரூபாய். மாணவர்கள் தாமாகத் தரும் நன்கொடையைத் தவிர வேறு இடத்துப் பணம் கூடாது, கட்சிப் பணத்துக்கு வெளிப்படையான தடையே இருக்கிறது. "மாமா கொடுத்தார்" என்பதும் செல்லாது, அந்த மாமா பெரும்பாலும் ஏதோ ஒரு கட்சியின் நகரச் செயலாளராகத்தான் இருப்பார். முடிவு அறிவித்த இரண்டு வாரத்துக்குள் வேட்பாளர் தணிக்கை செய்த கணக்கைத் தர வேண்டும், அது கிடைத்த இரண்டு நாளுக்குள் கல்லூரி அதை வெளியிட வேண்டும். கணக்கு தராவிட்டாலும், வரம்பைத் தாண்டினாலும் வெற்றி ரத்தாகும்.

இந்த விதி காகிதத்திலேயே தங்கிவிடுவதற்குக் காரணம், கணக்கை எல்லாம் முடிந்தபின் கேட்பதுதான். ஜெயித்தவர் தருவார், தோற்றவர் கண்ணிலேயே படமாட்டார். மனுவோடு ஒரு கணக்கு நோட்டைக் கொடுத்துவிடுங்கள். தேதி, பொருள், கடை, தொகை, பணம் தந்த மாணவரின் பெயரும் பதிவெண்ணும் என்று ஐந்து பத்தி போதும். பிரசாரம் நடக்கும் நாட்களில் தினமும் மாலை 4 மணிக்கு அலுவலகத்தில் காட்டி முத்திரை வாங்க வேண்டும் என்று வையுங்கள். இலவசமாக வந்த பொருளையும் சந்தை விலை போட்டு எழுத வேண்டும். நண்பனின் கடையில் சும்மா கிடைத்தது என்ற சாக்கு அப்போது எடுபடாது.

சுவரொட்டி கையால் எழுதியதாக இருக்க வேண்டும், அச்சிட்ட போஸ்டர், நோட்டீஸ் எதுவும் கூடாது. கல்லூரி முன்கூட்டி அறிவித்த இடங்களில்தான் ஒட்டலாம். ஒரு தாளைக் கையால் எழுதி ஐநூறு ஜெராக்ஸ் எடுப்பது எல்லாக் கல்லூரியிலும் வரும் தந்திரம். நகலும் அச்சில் சேரும் என்று எழுதிவிடுங்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை சார்ட், எந்த அளவு, எந்தப் பலகையில் என்பதையும் குறிப்பிடுங்கள். பலகையில் யாருக்கு எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தால் வாசல் பக்க இடத்துக்கு அடிதடி வராது. சார்ட்டை நூலிலோ குண்டூசியிலோ மாட்டச் சொல்லுங்கள், மைதா பசை வேண்டாம். வாக்குப்பதிவு முடிந்த 48 மணி நேரத்துக்குள் இடத்தைச் சுத்தம் செய்வது எல்லா வேட்பாளர்களுக்கும் கூட்டுப் பொறுப்பு.

இனி ஃப்ளெக்ஸ். வளாகத்துக்கு வெளியே ஊர்வலம், கூட்டம், பிரசாரம், நோட்டீஸ் விநியோகம் எதுவும் வேட்பாளருக்கு அனுமதி இல்லை. ஆகவே பஸ் ஸ்டாண்ட் பேனர் இரட்டைத் தவறு, அச்சிட்டதும் குற்றம், வெளியே வைத்ததும் குற்றம். ஆனால் கேட்டால் "நான் வைக்கவில்லை, பசங்க ஆசையில் வைத்துவிட்டார்கள்" என்பார். இதற்கு மனுவிலேயே ஓர் உறுதிமொழி வாங்குங்கள். தன் பெயரிலோ படத்திலோ பேனர் இருப்பதாகக் கல்லூரி எழுத்தில் தெரிவித்த ஆறு மணி நேரத்துக்குள் வேட்பாளர் அதை அகற்ற வேண்டும், அல்லது தனக்குத் தொடர்பில்லை என்று மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் புகார் தந்து அதன் நகலைத் தர வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் பேனரின் முழுச் செலவும் அவர் கணக்கில் ஏறும். ஆறு மணி நேரம் என்பது லிங்டோ விதி இல்லை, என் யோசனை. ஃபிரேம், கம்பு, கட்டுகூலி எல்லாம் சேர்த்தால் நாலு பேனரில் 5000 தாண்டிவிடும் என்பது அவர்களுக்கே தெரியும். உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டபின் பசங்களின் ஆசை தானாகக் குறையும்.

செட்டிநாட்டில் இன்னொரு சங்கதி உண்டு. கல்லூரிச் சாலையில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் சுவர்கள். உரிமையாளர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள், காவலுக்கு ஒருவர், அவருக்கும் தடுக்கத் துணிவிருக்காது. பழைய சுண்ணாம்புப் பூச்சில் ஒட்டியதைச் சுரண்டினால் பூச்சே பெயர்ந்து வரும். பொதுப்பார்வையில் படும் இடங்களைச் சீர்குலைப்பதைத் தடுக்க 1959 முதலே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. புகார் தர ஆள் இல்லாத சுவர்களுக்கு நீங்களே முந்திக்கொள்ளுங்கள். மனு தொடங்கும் நாளுக்கு முந்திய மாலை, வாசலிலிருந்து இரு பக்கமும் 200 மீட்டர் சுவர்களை போனில் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். "அது பழைய போஸ்டர்" என்ற வாதம் அதோடு முடிந்தது.

நான் மேலே போட்ட தேதிகள் ஆடி மாதத்தில் வருவதைக் கவனித்திருப்பீர்கள். கூழ் ஊற்றும் விழா பேனரில் "பக்தகோடிகளை வருக வருக" என்று வேட்பாளரின் படம் இருக்கும், பேரவைத் தேர்தல் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. வழிபாட்டு இடங்களைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற விதியும், சாதி மத உணர்வைத் தூண்டக்கூடாது என்ற விதியும் இங்கே பொருந்தும். தேர்தல் நாட்களில் வேட்பாளரின் படமோ பெயரோ உள்ள எந்தப் பேனரும் பிரசாரமாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரி சேருங்கள். சாதி அடையாளக் கயிறு, சாதித் தலைவர் படம் போட்ட டி-ஷர்ட், வண்டி ஸ்டிக்கர் இவற்றையும் பெயர் சொல்லியே எழுதுங்கள். பொதுவாக எழுதினால் ஒவ்வொன்றுக்கும் தனியாக வாதாட வேண்டிவரும்.

ஒலிபெருக்கியும் வாகனமும் பிரசாரத்துக்குக் கூடாது. அதே வரியில் விலங்குகளும் கூடாது என்றிருக்கிறது. சிராவயல் மஞ்சுவிரட்டு பார்த்து வளர்ந்த பையன்களில் யாருக்காவது காளைக்கு மாலை போட்டு வாசலில் நிறுத்தும் யோசனை வரலாம் என்பதால் அதை விட்டுவிடாதீர்கள்.

வகுப்பறைக்குள் வந்த பிரமுகர் விஷயம் எளிது. கல்லூரிப் பதிவேட்டில் பெயரில்லாத எவரும் தேர்தல் நடவடிக்கையில் எந்த வகையிலும் பங்கேற்கக்கூடாது. பழைய மாணவர் என்ற சலுகையும் இல்லை. ஆனால் வாசல் காவலாளியால் ஒரு கட்சிக்காரரைத் தடுக்க முடியாது, அவரை அந்தச் சங்கடத்தில் விடாதீர்கள். அந்தப் பத்து நாளும் வருகையாளர் பதிவேட்டில் "யாரைப் பார்க்க, என்ன காரணம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கவும், முதல்வர் அறைக்கு மட்டும் அனுப்பவும் உத்தரவிடுங்கள். காலை 10 முதல் மாலை 4 வரை ஓர் ஆசிரியர் வாசலில் இருக்கட்டும். வகுப்பு நடக்கும்போது மாணவ வேட்பாளரே வந்தாலும் அனுமதி வேண்டாம். அவர்களுக்கு மதிய இடைவேளையில் ஒரு மரத்தடியோ அரங்கமோ ஒதுக்கி, நேரத்தைச் சமமாகப் பிரித்துக் கொடுங்கள். கூட்டத்துக்கு முன்கூட்டி எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

வாட்ஸ்ஆப் பற்றி 2006 அறிக்கையில் எதுவும் இருக்காது, நீங்களே எழுத வேண்டும். வகுப்புக் குழு, துறைக் குழு, விடுதிக் குழு என ஆசிரியர் அட்மினாக இருக்கும் எதிலும் பிரசாரம் கூடாது. தேவைப்பட்டால் அந்த நாட்களில் அட்மின் மட்டும் பதிவிடும்படி மாற்றிவிடுங்கள். மாணவர் தன் சொந்தக் கணக்கில் எழுதுவதைத் தடுக்காதீர்கள், உங்களால் முடியவும் முடியாது. காசு கொடுத்துப் போடும் விளம்பரமும், ரீல்ஸ் எடிட் செய்ய வெளியாளுக்குத் தரும் கூலியும் 5000இல் சேரும் என்று சொல்லிவிட்டால் போதும்.

வாக்குப்பதிவு நாளில் வாக்குச்சாவடியைச் சுற்றி 100 மீட்டருக்குள் ஆதரவு கேட்கக்கூடாது. உங்களைப் போன்ற சிறு கல்லூரியில் 100 மீட்டர் என்றால் ஏறக்குறைய வளாகம் முழுவதும்தான். கோடு போட்டு அளந்துகொண்டிராமல் அன்று வளாகத்துக்குள் பிரசாரமே இல்லை என்று எழுதுங்கள். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 24 மணி நேரம் கூட்டம் கூடாது. பகல் 2 மணிக்கு முடிந்தால் முந்தைய நாள் 2 மணியோடு எல்லாம் நிற்க வேண்டும். அன்று தண்ணீர் தவிர எதையும் விநியோகிக்கக்கூடாது, பிரியாணிப் பொட்டலம் மட்டுமல்ல, சாக்லேட்டும் சேர்த்தி. வாக்காளர்களை வண்டி வைத்து அழைத்து வருவதும் தவறு. கல்லலிலிருந்தும் புதுவயலிலிருந்தும் வரும் டே ஸ்காலர்களுக்கு ஒருவர் ஷேர் ஆட்டோ பேசிவைப்பது உதவி மாதிரித்தான் தெரியும், விதிப்படி அது முறைகேடு. கல்லூரிப் பேருந்து வழக்கம்போல் ஓடலாம்.

புகார்க் குழுவை மனு தொடங்குமுன்பே அமைத்துப் பெயர்களை ஒட்டிவிடுங்கள். மாணவர் நலப் பொறுப்பாளர் தலைவர், மூத்த ஆசிரியர் ஒருவர், மூத்த நிர்வாக அலுவலர் ஒருவர், இறுதியாண்டு மாணவர் ஒருவர், மாணவி ஒருவர். தலைமை உங்களுக்கு வருகிறது என்பதால், தேர்தல் நடத்தும் அலுவலராக வேறொருவரைப் போடச் சொல்லுங்கள். நீங்களே நடத்தி, அதன் மீதான புகாரையும் நீங்களே விசாரிப்பது நன்றாக இராது. முடிவு அறிவித்த மூன்று வாரத்துக்குள் புகார் தரலாம், மேல்முறையீடு முதல்வரிடம். அடிதடி போன்ற குற்றம் நடந்தால் 12 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டியது கல்லூரியின் கடமை. "பெயர் கெட்டுவிடும்" என்று உள்ளுக்குள் பேசி முடிப்பதற்கு இதில் இடமில்லை.

இரண்டாவது சுற்றறிக்கை சின்னதாக இருக்கலாம். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்த நாளிலிருந்து நடத்தை விதிகள் அமலில் இருக்கும். கல்லூரி மைதானத்தைக் கட்சிக் கூட்டத்துக்குக் கேட்டால், பாடவேளை பாதிக்கக்கூடாது, நிர்வாகத்தின் சம்மதமும் கோட்ட அளவிலான அதிகாரியின் முன் அனுமதியும் வேண்டும், முதலில் கேட்டவருக்கு முதலில், ஒரே கட்சி ஏகபோகமாக வைத்துக்கொள்ளக்கூடாது என்பது இந்தியத் தேர்தல் ஆணையத்தின் நிபந்தனை. உங்களுக்கு அந்த அதிகாரி தேவகோட்டையில்தான் இருக்கிறார். யாருக்கும் தருவதில்லை என்று நிர்வாகம் முடிவெடுக்கலாம், ஆனால் அதை அறிவிப்பு வருமுன்பே தீர்மானமாக எழுதி வையுங்கள். முதல் கட்சிக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவது வரும்போது கொள்கை பேச முடியாது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அங்கே அனுமதியும் புகாரும் அதன் வழியில் போகும்.

ஆசிரியர்களைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். அரசுப் பணியில் இருப்பவர் வேட்பாளரின் தேர்தல் முகவராகவோ வாக்குச்சாவடி, வாக்கு எண்ணிக்கை முகவராகவோ இருப்பது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 134ஏ பிரிவில் மூன்று மாதம் வரை சிறைக்குரிய குற்றம். உதவிபெறும் கல்லூரியினர் தங்கள் பணி விதிகளையும் பார்க்க வேண்டும். தேர்தல் பணிக்கு உத்தரவு வந்துவிட்டால் யாருக்கும் ஆதரவாக ஒரு சொல்லும் கூடாது. கல்லூரி லெட்டர்பேட், பேருந்து, மின்னஞ்சல், என்.எஸ்.எஸ்., என்.சி.சி. சீருடை எதுவும் எந்தக் கட்சிக்கும் போகக்கூடாது, நிர்வாகக் குழுவில் இருப்பவரே வேட்பாளரானாலும். ஆனால் கல்லூரி நேரத்துக்குப் பின், ஊருக்குள், சாதாரண உடையில் ஒரு மாணவர் கட்சிக்கு வாக்கு கேட்டால் அது அவர் உரிமை. அதற்காக வருகைப்பதிவிலோ அக மதிப்பெண்ணிலோ கைவைத்தால் வம்பு கல்லூரிக்குத்தான்.

காரைக்குடியில் அழகப்பர் பொறியியல் கல்லூரி வாக்கு எண்ணும் மையமாக இருந்திருப்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் கட்டடத்தை வாக்குச்சாவடிக்குக் கேட்டால், அன்று 100 மீட்டர் விதி மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 130ஆம் பிரிவின்படி வரும். மீறலைப் பார்த்தால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் என்ற புகார்ச் செயலியில் படமோ காணொளியோ எடுத்து அனுப்பலாம், அதைப் பேரவைத் தேர்தல் புகார்க் குழுவுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

கடைசியாக, விடுதி மாணவர்கள். 18 வயது நிரம்பியவர்கள் விடுதி முகவரியிலேயே வாக்காளராகப் பதியலாம். படிப்பு அங்கீகரிக்கப்பட்டதாகவும் குறைந்தது ஓராண்டு காலம் உள்ளதாகவும் இருக்க வேண்டும், இங்கே படிக்கிறார் என்று கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட போனஃபைடு சான்றும் சேர்க்க வேண்டும். புதிதாகப் பதிய படிவம் 6. சொந்த ஊரில் ஏற்கெனவே பெயர் இருந்தால் படிவம் 8 மூலம் மாற்றிக்கொள்ள வேண்டும், இரண்டு இடத்திலும் வைத்திருக்க முடியாது. தகுதி நாள் இப்போது ஜனவரி 1 மட்டும் கிடையாது. ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் உண்டு. 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். சான்றுகளுக்கு ஒரு மாதிரித் தாளை அலுவலகத்தில் தயாராக வைத்து, எந்த வேட்பாளரும் கட்சிக்காரரும் இடையில் நின்று படிவம் வாங்காதபடி, விடுதிக் காப்பாளர் வழியாகவே வாங்குங்கள்.